பதினாலாம் நம்பர் கார்டும் பத்து மடங்கு லென்ஸும்

சரவணா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் எனக்கு இருக்கிற கொஞ்சத் துணிச்சலும் அதிலேயே தீர்ந்துவிடும். அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, பழைய வியூ கார்டு ஒரு கட்டு வாங்கியிருக்கேன். எல்லாம் நம்ம கொடைக்கானல் கார்டு. ஒன்னொன்னா நல்லா பாக்கணும். லென்ஸ் எத்தன மடங்கு வாங்கலாம்? பத்தா, முப்பதா? நீங்க ஒன்னு வச்சிருந்தீங்கள்ல?" என்றாய். விற்றவன் கார்டுகளைப் பரப்பி வைத்து எடுத்த படத்தையும் அனுப்பினாய். ஒன்பது கார்டு. நான் அதைப் பார்த்துவிட்டு, "சிக்னல் இல்லடா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மேல் வரிசையில் மூன்றாவதாக இருந்தது பதினாலாம் நம்பர் கார்டு, ஏரியும் படகுத்துறையும். அதைப் பார்த்ததும்தான் போனை வைத்தேன். பார்சல் கோயம்புத்தூர் வந்து சேர நாலைந்து நாள் ஆகும் என்றாய். அதற்குள் ஒரு விஷயத்தை நான் உன்னிடம் சொல்லியாக வேண்டும். நான் சொல்லாமல் நீயே லென்ஸை வைத்து அந்தக் கார்டில் கண்டுபிடித்துவிட்டால், அதற்குப் பிறகு உன் முகத்தில் நான் விழிக்க முடியாது.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பத்து மடங்கு போதும். அட்டைப்பெட்டியில் அறுபது, நூறு என்று போட்டிருப்பதை நம்பாதே, பாதிப்பேர் காதில் பூச் சுற்றுகிறார்கள். மடங்கு கூடக் கூடத் தெரிகிற இடம் சுருங்கும், கை லேசாக ஆடினாலும் எல்லாம் கலங்கிப்போகும். பிளாஸ்டிக் வேண்டாம், கண்ணாடி வாங்கு. ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாக நிழல் கட்டினால் அது மட்டமான லென்ஸ், கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. வாங்கிய பிறகு எல்லோரும் செய்கிற தப்பைச் செய்யாதே: லென்ஸைக் கார்டின்மேல் வைத்துவிட்டு மேலே எட்டி நின்று பார்ப்பார்கள். லென்ஸ் கண்ணோடு ஒட்டி இருக்க வேண்டும், கார்டுதான் அதைத் தேடி மேலே வரவேண்டும். வெளிச்சம் நேராக வேண்டாம், பக்கவாட்டில் சாய்வாக விழட்டும். மடிப்பு விழுந்த கார்டை இஸ்திரி போட்டுத் தேய்த்திருந்தால் அந்த வெளிச்சத்தில் கோடு காட்டிக்கொடுக்கும். மூலை வெளுத்த கார்டுக்கு ஸ்கெட்ச் பேனாவால் சாயம் தடவி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் மை காகித நாருக்குள் ஊறியிருப்பது தெரியும். புகைப்படத் தாளில் கழுவி எடுத்த கார்டில் புள்ளி இருக்காது, அச்சடித்த கார்டு முழுக்கப் புள்ளிதான். உனக்கு வரப்போகிற ஒன்பதும் அச்சடித்தவை. அதை நான் லென்ஸே இல்லாமல் சொல்வேன், ஏனென்றால் அவற்றை விற்றவர்களில் நானும் ஒருத்தன்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது சிவகாசியிலிருந்து வருகிற அச்சக ஏஜெண்ட். கட்டுக் கட்டாகக் கார்டு கொண்டுவருவார். நாலு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு சின்ன மடக்கு லென்ஸ் கொடுத்தார், பத்து மடங்கு. நிறம் விலகிய கட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார். ஒன்று சொன்னால் சிரிப்பாய். கார்டு விற்கிற நாங்கள் யாரும் கார்டில் இருக்கிற படத்தைப் பார்த்ததே இல்லை. எங்களுக்கு எல்லாம் நம்பர்தான். மூணு என்றால் தூண் பாறை, ஏழு என்றால் அருவி. ஒரே படத்தைப் பத்துப் பதினைந்து வருஷம் மறுபடி மறுபடி அடிப்பார்கள், மேகம்கூட மாறாது. நாங்கள் பார்த்ததெல்லாம் வாங்குகிறவன் முகத்தைத்தான்.

இப்போது உன் தங்கச்சி பவானியைப் பற்றி எழுத வேண்டும். இருபத்தேழு வருஷமாக இந்த வீட்டில் அவள் பேரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதும்போதே கை நிற்கிறது. பாப்பா என்றே எழுதிக்கொள்கிறேன்.

அந்த மே மாசம் உனக்கு ஒன்பது வயசு, பாப்பாவுக்கு நாலு. ஒருநாள் உன் அம்மா பூண்டு எடுப்புக்கு மன்னவனூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். வெள்ளனே கிளம்பும்போது உன்னிடம் சொன்னாள்: "ஏலே, அப்பா யாவாரத்துல இருப்பாரு. நீ பாப்பா கைய மட்டும் விடாத." என்னிடமும் ஒன்று சொன்னாள். "பிள்ளைய வண்டிப் பக்கம் அனுப்பாதீங்க, சொல்லிட்டேன்." அதை அவள் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மடிப்பு ஆல்பம் விற்போமே, பன்னிரண்டு படம் ஒன்றோடொன்று ஒட்டி மடித்தது, அதைச் சுற்றுலா வண்டி ஜன்னல் முன்னால் உதறினால் நீளமாகத் தொங்கும். பெரியவன் உதறினால் ஒருத்தனும் திரும்பிப் பார்க்க மாட்டான். சின்னப் பிள்ளை கையைத் தலைக்குமேல் தூக்கி உதறினால் ஆல்பம் பிள்ளையைவிட நீளமாகத் தரையில் விழும், வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள், சிரித்தவன் வாங்குவான். ஏரிக்கரையில் கார்டு விற்ற எல்லோருமே தங்கள் பிள்ளைகளை வைத்து இதைச் செய்தார்கள். ஊரே செய்ததைத்தானே நானும் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை.

அன்று காலை முழுக்க நீ அவள் கையை விடவே இல்லை. மூக்கு ஒழுகினால்கூட இன்னொரு கையால் துடைத்துக்கொண்டாய். பத்து மணி வாக்கில் மூன்று வண்டி ஒன்றாக வந்து நின்றது. எனக்குப் பேராசை. உன்னிடம் ஃபிளாஸ்க்கைக் கொடுத்து, "போய் டீ வாங்கிட்டு வா, வெரசா" என்றேன். நீ நகரவில்லை. "அம்மா விட வேணாம்னுச்சு" என்றாய். "நான் இங்க மரமாட்டமா நிக்கிறேன்? குடுத்துட்டு சோலியப் பாருடா" என்று அதட்டினேன். நீ அவள் கையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாய். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்தக் கை சில்லென்று இருந்தது. அந்தக் கையில்தான் நான் ஆல்பத்தைக் கொடுத்து, "போ கண்ணு, வெள்ள வண்டிக்குப் போ" என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு இன்னொரு வண்டிக்காரருக்குக் கார்டு பொறுக்கக் குனிந்துகொண்டேன். வெள்ளை வேன் ரிவர்ஸில் வந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. டிரைவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஜன்னல் உயரம்கூட இல்லாத பிள்ளை கண்ணாடியில் எப்படித் தெரியும்.

மத்தியானம் உன் அம்மா ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையெல்லாம் பூண்டுக்காட்டு மண். அழவில்லை, என் சட்டையைப் பிடித்து ஒரே கேள்விதான் கேட்டாள். "யாருகிட்ட விட்டுட்டு என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" நான் சொன்னேன்: "சரவணன்கிட்டதான் விட்டிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே மாற்றியிருக்கலாம், மாற்றவில்லை. ஒன்பது வயசுப் பையனை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள், நாலு நாளில் மறந்துவிடுவான், உண்மையைச் சொன்னால் இவள் என்னோடு வாழமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். நீ சுவரோரம் ஃபிளாஸ்க்கைப் பிடித்தபடி நின்று என்னைப் பார்த்தாய். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். நீ மறுத்துப் பேசுவாய் என்று பயந்தேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் நீயாகப் போய், "நான்தாம்மா கைய விட்டுட்டேன்" என்று சொன்னாய். நான் அடுத்த அறையில் இருந்தேன். நான் சொன்ன பொய்யை நீ நம்பவே ஆரம்பித்துவிட்டாய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பாவி நான், எழுந்து வரவில்லை.

உன் அம்மா உன்னை ஒரு நாளும் திட்டியதில்லை. ஆனால் உன் கையில் எதையும் கொடுக்கவும் இல்லை. உனக்குப் பதினாலு வயசில் எல்லோரும் பழனிக்கு மொட்டை போடப் போனோம். உன் மாமன் மகனுக்கு அப்போது மூன்று வயசு. படியில் கூட்டம். உன் மாமா அவனை உன் பக்கம் நீட்டி, "தம்பி, கொஞ்சம் இவனப் புடி" என்றார். உன் அம்மா குறுக்கே வந்து, "அவன்கிட்ட வேணாம், குடுங்க, நான் தூக்கிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். நீ நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டு மேலே ஏறினாய். நான் இரண்டு படி பின்னால் வந்துகொண்டிருந்தேன். அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றே ஏறினேன். உச்சியில் சாமியிடம் சொன்னேன். அவர் உன் அம்மாவிடம் சொல்லவா போகிறார்?

நீ காலேஜில் சேர்ந்த வருஷம்தான் கார்டு விஷயம் தெரிந்தது. அதற்குள் நான் ஏரிக்கரையை விட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்துவிட்டேன். ஒருநாள் வாங்கினவர் ஒருத்தர் திரும்பி வந்து, சாயம் விலகியிருக்கிறது என்று சண்டை போட்டார். பதினாலாம் நம்பர். சரி, கட்டு முழுக்கவே அப்படியா என்று லென்ஸை எடுத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். படகுத்துறைக்கு இடது பக்கம் ஒரு வெள்ளை வேன். பச்சைக் கோடு போட்டது. அதன் பக்கத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு மஞ்சள் கவுன், சிவப்புக் கை வைத்தது. அந்தத் துணியை நான்தான் எடுத்தேன். தலைக்குமேல் தூக்கிய கையிலிருந்து தரை வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு தொங்கிக்கொண்டிருந்தது.

பாப்பா போன அன்று காலை சிவகாசியிலிருந்து படம் எடுக்க ஒருத்தர் வந்து மேட்டில் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் படம் எடுத்து எத்தனை நிமிஷம் கழித்து அது நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிஷமாக இருக்கலாம், ஒன்றாகக்கூட இருக்கலாம். கார்டில் அவள் இன்னும் உதறி முடிக்கவில்லை. நான் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருக்கிறேன். வலது ஓரத்தில் டீக்கடை, அதன் முன்னால் நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு பையன், கையில் சிவப்பாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் ஃபிளாஸ்க். யார் எங்கே நின்றோம் என்று அத்தனையும் அதில் இருந்தது, மகனே. அதைத்தான் நான் எட்டு வருஷமாக என் கையாலேயே எடுத்து எடுத்து ஊர் பேர் தெரியாதவர்களிடம் விற்றிருக்கிறேன். எத்தனையோ வீட்டில் இன்னும் கிடக்கிறாள் என் பிள்ளை.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மதுரைக்குப் போய் இருபது மடங்கு லென்ஸ் வாங்கினேன். அப்புறம் முப்பது. அவள் முகம் தெரியாதா என்றுதான் வாங்கினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பத்து மடங்கில் கவுன் தெரிந்தது. முப்பதில் கவுன் போய்விட்டது, மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள்தான் மிதந்தன. பிள்ளையும் இல்லை, வேனும் இல்லை, ஒரு பாவமும் அறியாத வெறும் சாயம். அது எனக்குப் பிடித்திருந்தது. உன் அம்மா தூங்குகிற மூச்சுச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும், நான் அங்கே முப்பது மடங்கை வைத்துக்கொண்டு, இதில் ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லை என்று பார்த்துக்கொண்டிருப்பேன். முப்பது வாங்கலாமா என்று நீ கேட்டதற்குப் பத்து போதும் என்று நான் எழுதியது இதனாலும்தான். மிச்சமிருந்த கார்டையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஏஜெண்ட்டிடம் அந்தப் படம் இனி போகாது, நிறுத்திவிடுங்கள் என்றேன். ஒரே ஒரு கார்டை மட்டும் எரிக்க மனசு வரவில்லை. ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்த்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்துவிட மாட்டேனா, திரும்பிப் பார்த்துவிட மாட்டேனா என்று என்னைத்தான் பார்க்கிறேன். குனிந்தவன் குனிந்தபடியே இருக்கிறான்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உனக்கு வேலை கிடைக்கட்டும் என்று தள்ளினேன், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினேன். இரண்டு மாசம் முன்னால் உன் வீட்டுக்காரி எனக்குப் போன் செய்தாள். "மாமா, இவரு பிள்ளைய வெளிய கூட்டிட்டே போக மாட்டேங்குறாரு. ரோட்டக் கடக்கணும்னா என் கையில குடுத்துட்டு ரெண்டடி தள்ளி நடக்குறாரு. கேட்டா, எனக்கு ராசியில்லாத கைங்குறாரு. சின்ன வயசுல எதும் நடந்துச்சா மாமா?" என்று கேட்டாள். நல்ல பெண், அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் சின்னதுலயே கூச்ச சுபாவம்மா" என்றேன். வயசு அறுபத்தெட்டு ஆகியும் புத்தி வரவில்லை.

அதனால் இப்போது எழுதுகிறேன். உன் கை ராசியில்லாத கை இல்லை. நீ அவள் கையை விடவில்லை. அப்பனிடம் ஒப்படைத்தாய். விட்டது நான். உன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போ. என்னை மன்னி என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, கேட்கவும் மாட்டேன். என்மேல் கோபப்படு. இத்தனை வருஷம் உன்மேலேயே பட்டுக்கொண்டிருந்த கோபத்தை இனிமேல் சரியான ஆள்மேல் படு.

இதுவரைக்கும் நேற்று எழுதியது. ஒட்டித் தபாலில் போடலாம் என்று இன்று காலை கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது, உன் அம்மாவுக்குத் தெரியாமல் உனக்கு மட்டும் சொல்வதும் இன்னொரு ஏமாற்றுதானே என்று பட்டது. உன் அம்மா பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். முடிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில், "அவன் கையில ஃபிளாஸ்க்கு இருந்துச்சே" என்றாள். "சுவத்தோரம் நின்னானே, அது கையில இருந்துச்சே. பாப்பாவப் பாத்துக்கிட்டு இருந்தவன் கையில ஃபிளாஸ்க்கு எப்படிறா வந்துச்சுன்னு ஒரு வார்த்த நான் கேக்கலையே."

அப்புறம் உள்ளே போய்ப் பையை எடுத்து நாலு சேலையை வைத்தாள். எத்தனை நாளுக்கு என்று கேட்டேன், பையை இழுத்து மூடினாள். நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வர வேணாம்" என்றாள். திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டாலும் நீ அவளிடம் எனக்காகப் பேசாதே. நாளைக் காலை கோயம்புத்தூர் வண்டியில் ஏற்றிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன், நீ இதைப் படிக்கும்போது அவள் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். என்னிடமிருந்த கார்டையும் அந்த மடக்கு லென்ஸையும் அவள் பையில் வைத்திருக்கிறேன். நீ புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். அவளுக்கு வலது கண்ணில்தான் ஆபரேஷன் செய்தது, இடது கண்ணில் வைத்துப் பார்க்கச் சொல். ஜன்னலோரம் உட்கார வை. அவள் கை நடுங்கும், கார்டை நீ பிடித்துக்கொள்.

இங்கேயே பார்க்கிறாயா என்று லென்ஸை நீட்டினேன். பாப்பா எந்த இடத்தில் இருக்கிறாள் என்றும் விரலால் காட்டினேன். அவள் வாங்கவில்லை. "பாப்பாவ அப்புறம் பாத்துக்கிறேன். மொதல்ல எம்மகன் எங்க நிக்கிறான்னு நான் பாக்கணும். அத அவன்தான் எனக்குக் காட்டணும்" என்றாள்.

வலது ஓரம், டீக்கடை வாசல். அவளுக்குக் காட்டு, தம்பி.

அப்பா